ஒட்டகத்தின் மேலும் கீழும்

டோர்ட்மண்டிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் போனால் வரும் அருங்காட்சியகம் ஒன்றில் எனக்குக் காவல் வேலை. பழைய ஈரானியப் பொருட்கள் உள்ள அறையை என்னிடம் விட்டிருந்தார்கள். அங்கே கூட்டம் அதிகம் வராது. அதனால் சுவரில் மாட்டியிருந்த ஓடு ஒன்றை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எட்டு முனை கொண்ட நட்சத்திர ஓடு. எழுநூறு வருடங்களுக்கு முன் ஏதோ மாளிகைச் சுவரில் பதித்திருந்ததாம். நேரே நின்று பார்த்தால் வெறும் மண்ணிறம். குந்தியிருந்து தலையை இடப்பக்கம் சாய்த்தால் முழுவதும் பொன்னாக மினுங்கும். ஒட்டகத்தின் மேல் வில்லோடு ஓர் அரசன். அவன் முதுகுக்குப் பின்னால் யாழ் மீட்டும் பெண். எதிரே ஒரு மான். ஒட்டகத்தின் காலடியில் இன்னொரு பெண் விழுந்து கிடந்தாள். கீழே இருந்த அட்டையில் 'வேட்டைக் காட்சி' என்று மட்டும்தான் எழுதியிருந்தது. பாவம், வழியில் போன யாரோ மிதிபட்டுவிட்டாள் என்று நானே முடிவு செய்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை வயதான ஈரானியத் தம்பதி வந்தார்கள். ஓடு கண்ணில் பட்டதும் கணவர் நெஞ்சில் கை வைத்துக் கவிதை சொல்லத் தொடங்கினார். நாலாவது வரியில் மனைவி குறுக்கிட்டார். இருவரும் தங்கள் மொழியில் சண்டை பிடித்தார்கள். சத்தம் கூடினால் அடக்குவது என் வேலை. கிட்டப் போனேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"கீழே கிடப்பவள் யார்?" என்று ஜெர்மன் மொழியில் கேட்டேன்.

"யாழ் மீட்டுபவளேதான்!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

பிறகு கதையைச் சொன்னார்கள். தன் வில்வித்தையைப் பெருமையடித்த அரசனிடம், மானின் காலையும் காதையும் ஒரே அம்பால் தைக்க முடியுமா என்று அவள் கேட்டாளாம். அவன் முதலில் சின்ன உருண்டை ஒன்றைக் காதில் எறிந்தான். மான் காதைச் சொறியக் காலைத் தூக்கியது. அம்பை விட்டான். அவள் மானுக்காக அழுதாள். அவன் அவளைக் கீழே தள்ளி அவள் மேல் ஒட்டகத்தை ஏற்றினான். ஓவியன் இரண்டு நேரத்தையும் ஒரே ஓட்டில் வரைந்திருக்கிறான்.

"அவள்தானே கேட்டாள்?" என்றார் கணவர்.

"அவனுடைய வாயை அடைக்கக் கேட்டாள். மடையன் செய்துகாட்டுவான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?" என்றார் மனைவி.

கலியாணம் முடித்த காலத்திலிருந்தே இந்த வழக்கு நடக்கிறதாம். சொல்லிவிட்டு இருவரும் சிரித்தார்கள்.

வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர் நம்பவில்லை.

"குளியலறைச் சுவரில பதிக்கிற மாபிள்ல ஒட்டகமோ? நான் வந்து பாக்கிறன்."

மறுநாளே வந்தார். நான் சொன்னபடி குந்தினார். "ஐயோ, தங்கமப்பா!" என்றார். அடுத்த நிமிடம் குரல் மாறியது. "இஞ்சேரும், முழங்கால் பிடிச்சிட்டுது. எழும்ப ஏலாது!"

நான் ஒரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்க, அந்தப் பிரிவுக்குப் பொறுப்பான அம்மா உள்ளே வந்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன். அவர் மற்றக் கையைப் பிடித்துத் தூக்கினார். இவர் ஏன் நிலத்தில் இருந்தார் என்று என்னைக் கேட்டார்.

"கீழே இருந்து பார்த்தால்தான் பொன் தெரியும்" என்றேன்.

அவரும் குந்தினார். தலையை இடப்பக்கம் சாய்த்தார். இத்தனை வருடமும் நின்றபடியே பார்த்திருக்கிறேன் என்றார். துணிந்து, இரண்டு பெண்களும் வேறு ஆட்கள் என்று நான் நினைத்திருந்ததையும் சொன்னேன். கதை தனக்குத் தெரியும் என்றும், பார்ப்பவர்கள் குழம்புவார்கள் என்று யோசிக்கவில்லை என்றும் சொன்னார்.

சில வாரங்களில் ஓட்டுக்கு முன்னால், உட்கார்ந்து பார்க்க, உயரம் குறைந்த வாங்கு ஒன்று வந்தது. அட்டையில் புதிதாக நாலு வரி ஏறியது. என் கணவர் கோயிலில் காணும் ஆட்களிடமெல்லாம் சொல்லித் திரிகிறார்:

"போய்ப் பாருங்கோ. அந்த வாங்கு என்ர முழங்காலாலதான் வந்தது."