கூடைக்கு வெளியே வளர்ந்த குட்டி

விலங்கியல் பட்டத்தை முடித்துவிட்டு, அந்த வருஷம் மேற்படிப்புக்கு இடம் கிடைக்காமல் வீட்டில் இருந்தபோது ஒரு வெள்ளாட்டுக் குட்டியை வளர்த்தேன். ஜவ்வாது மலையிலேயே அவ்வளவு மோசமாக வளர்க்கப்பட்ட ஆடு வேறு இருந்திருக்காது. வெட்கப்பட வேண்டும்தான், ஆனால் எழுத உட்கார்ந்ததுமே சிரிப்பு வந்துவிட்டது.

எங்கள் ஆடு ஒன்று மூன்று குட்டி போட்டது. காம்பு இரண்டுதான். மூன்றாவது ஒரு கறுப்புப் பெட்டை. முண்டியடிக்கத் தெரியாமல் பின்னால் நின்று கத்திக்கொண்டிருந்தது. தூக்கி வந்து பாட்டிலில் பால் கொடுத்தேன். அதுவரை நான் செய்தது சரி.

எங்கள் பக்கத்தில் தாய் ஆடுகள் மேயக் கிளம்பியதும், பால்குடிக் குட்டிகளை வாசலில் விட்டுப் பெரிய மூங்கில் கூடை ஒன்றைக் கவிழ்த்துவிடுவார்கள். நரி பயம் இருக்காது. சாயங்காலம் தாய்கள் திரும்பியதும் கூடையைத் தூக்குவார்கள். கறுப்புக் குட்டியையும் அதற்குள் விடச் சொன்னாள் அம்மா. நான் மறுத்தேன். ஏழு குட்டிகள் ஒன்றையொன்று முட்டி, மிதித்து, காதைக் கடித்து... எனக்கு அது சிறையாகத் தெரிந்தது. விலங்கு நலத்தைப் பற்றி ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்தவள் ஆயிற்றே. வாசலிலேயே அம்மாவுக்கு வகுப்பு எடுத்தேன். அவள் சாமை புடைப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரிடி, வூட்டுக்குள்ளயே வளத்துக்கோ. அப்பறம் அது ஆடா இருக்குதான்னு பாரு."

ஆடாக இல்லை. என் கட்டிலில் தூங்கியது. சார்ஜர் ஒயரை மென்றது. நாயோடு சேர்ந்துகொண்டு ஜமுனாமரத்தூர் பஸ்ஸைத் துரத்தியது. நாய் சலித்துத் திரும்பிய பிறகும் இது துரத்தியது. யார் வந்தாலும் முன்னங்கால்களைத் தூக்கி அவர்கள் வயிற்றில் வைத்து முகத்தை நக்கும். வீடியோ எடுத்து அனுப்பினேன், கல்லூரித் தோழிகள் பைத்தியமாகிவிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்று மாதம் ஆனதும் மந்தையோடு அனுப்பினோம். மந்தையை ஓட்டுகிறவர் என் மாமா, அம்மாவின் தம்பி. முதல் நாள் வேடிக்கை பார்க்க நானும் போனேன். எப்போதும் முன்னால் நடக்கும் மூத்த பெட்டை ஆடு ஒன்று உண்டு. நம் ஆள் நேராக அதனிடம் போய் இரண்டு கால்களையும் தூக்கி அதன் முதுகில் வைத்தது. கிழவி தலையைத் தாழ்த்தி முறைத்தாள். விலகு என்று அர்த்தம், எந்த ஆட்டுக்கும் தெரியும். இது கொஞ்சுவதாக நினைத்து அவள் மூக்கை நக்கியது. ஒரே முட்டு. உருண்டு எழுந்தது, உற்சாகமாக மறுபடியும் போனது.

மூன்றாம் நாள் நொண்டிக்கொண்டு வந்தது. மாமா சிரிக்கவில்லை.

"அது இன்னாம்மா, மொறைச்சா கொஞ்சுறாங்கன்னு நெனச்சிக்குது. நாங்க போறது பாறை ஓரம். அங்க ஒரு முட்டு வாங்குனா நேரா பள்ளம்தான்."

இனி கூட்டிப்போக முடியாது என்றார். அப்படியானால் வாரச் சந்தைக்கு ஓட்டிவிடலாம் என்றாள் அம்மா. சந்தையில் ஒற்றைக் குட்டியை வாங்குகிறவர்கள் வளர்ப்பதற்கு வாங்குவதில்லை. அழுது, சண்டை போட்டு, இரண்டு வாரம் தவணை வாங்கினேன்.

மறுநாள் நோட்டும் பேனாவுமாகக் கூடை முன்னால் உட்கார்ந்தேன். அப்போது உள்ளே இருந்தவை அடுத்த ஈற்றில் பிறந்த சின்னக் குட்டிகள். ஒன்று தலையைத் தாழ்த்தும், இன்னொன்றும் தாழ்த்தும், டொக்கென்று ஒரு மோதல். ஒன்று முகத்தைத் திருப்பிக்கொண்டால் முடிந்தது. இன்னொன்று உடனே விட்டுவிடும். இதையே நூறு முறை. எவ்வளவு பலமாக முட்டலாம், எப்போது விலகலாம், எல்லாப் பாடமும் அங்கேதான் நடந்துகொண்டிருந்தது. நானோ என் குட்டியை ஒன்றாம் வகுப்புக்கே அனுப்பாமல் நேராகக் கல்லூரியில் கொண்டுபோய் விட்டிருக்கிறேன்.

உடனே பிடித்துக் கூடைக்குள் விட்டேன். மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு உயரம். அது எழுந்ததும் கூடையும் எழுந்தது. நான்கு கறுப்புக் கால்கள் முளைத்த கூடை வாசலைக் கடந்து, கோழிகளைச் சிதறடித்து, சுவரில் போய் மோதி நின்றது. சின்னக் குட்டிகள் கூரை பறந்துபோன இடத்தில் அப்படியே திகைத்து நின்றன. புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த அம்மா தரையில் சாய்ந்து சிரித்தாள். பிறகு அவளே அம்மிக்கல்லைக் கொண்டுவந்து கூடையின் மேல் வைத்தாள்.

உள்ளே பொடிசுகள் அதை உண்டு இல்லை என்று ஆக்கின. ஒரு வெள்ளைக் குட்டி, இரண்டு கைக்குள் அடங்குகிற அளவுதான், காதைப் பிடித்துத் தொங்கியது. என் குட்டி இடுக்கு வழியாக என்னைப் பார்த்துக் கத்தியது. கை தானாகக் கூடைக்குப் போனது.

"பாக்காத," என்றாள் அம்மா. "அந்தப் பக்கம் திரும்பி ஒக்காரு."

முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். நான்கு நாள் அந்தக் கத்தலைக் கேட்டேன். ஐந்தாம் நாள் கத்தல் இல்லை. பயந்து திரும்பினேன். வெள்ளை தலையைத் தாழ்த்தியது. கறுப்பு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வெள்ளை போய்விட்டது. நான் வாசலை இரண்டு சுற்று ஓடினேன்.

சந்தைக்கு முதல் நாள், கடைசியாக ஒரு தடவை என்று மாமா அதை ஓட்டிக்கொண்டு போனார். சாயங்காலம் திரும்பியவர் நிதானமாகக் கால் கழுவினார். எனக்கு உயிரே போய்விட்டது.

"இன்னாச்சு மாமா, சொல்லுங்க."

"கெழவி மொறைச்சா. இது மூஞ்ச திருப்பினு ஓரமா போய் மேஞ்சிது."

"அப்பறம்?"

"மத்தியானம் செவலக் குட்டியோட சண்ட. தோத்துடுச்சி. தோத்துட்டு பேசாம அது பக்கத்துலயே படுத்துக்கிச்சி."

தோற்றுவிட்டது! நான் குதித்த குதியில் மாமாவின் சொம்பு உருண்டது. பட்டியில் எட்டிப் பார்த்தேன். செவலையின் கழுத்தில் தாடையை வைத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. கூப்பிட்டேன். ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பியது. எழுந்து வரவில்லை. ஒரு நிமிஷம் கோபம் வந்தது, உண்மையைச் சொல்ல வேண்டுமே.

அம்மா பின்னால் வந்து பட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"நாளைக்கு சந்தைக்கு புளி மட்டும் எடுத்துனு போறேன்," என்றாள்.