ஆமைக்காரின் இடது கால்

பாசிர் ரிஸ்ஸில் பின்பக்கத்தைத் தரையோடு தணித்த, ஆமை ஓடுபோல் முதுகு வளைந்த பழைய ஆமைக்காரைக் கண்டேன். எனக்குப் பத்து வயதில் சிராங்கூன் ரோட்டுப் பட்டறையில் அப்பா அப்படியொன்றைத் தணித்தார்.

சுருள்வில்லுக்குப் பதில் பின்சக்கரத்துக்கு ஒன்றாக, கட்டைவிரல் பருமன் இரும்புத் தண்டு முறுக்கேறி அத்தனை பெரிய காரைச் சுமந்ததை வாய்பிளந்து பார்த்தேன். கோயில் சுற்றுவதுபோல் அப்பா அந்தந்தச் சக்கரத்தின் பக்கம் நின்று, முனையில் பல் வெட்டிய இரண்டு தண்டுகளையும் வலமாகவே ஒரு பல் திருப்பினார். ஜாக்கை எடுத்ததும் வலப்பக்கம் தணிந்தது, இடப்பக்கம் தூக்கியது.

“ஒண்ணுக்குப் போற நாய் மாதிரி நிக்குதே, மாணிக்கம்!” என்றார் முதலாளி. “சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா நாளைக்கு வராதே லா.”

படிப்பு ஏறாத மூளைதான் எனக்கு, ஆனால் சொன்னது நான்தான்: “அப்பா, என் ரெண்டு காதையும் திருகுறப்ப உங்க கை எதிரெதிராத்தானே திரும்புது?”

அப்பா இடது தண்டை மட்டும் எதிர்ப்பக்கமாகத் திருப்பினார். கார் பூனைபோல் சமமாக அமர்ந்தது. முதலாளி சாவியை நீட்டினார்: “கார்க்காரர்கிட்ட நீயே ஓட்டிட்டுப் போய்க் குடு, மாணிக்கம்.”