சப்பாத்துக்குள் எள்ளுருண்டை

படகில் நாங்கள் ஏழு பேர் இருந்தோம். பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டையில் துணிக் கிடங்கைப் பார்த்துவந்த துரை, அவர் மனைவி, ஒன்பது வயது மகள், ஆறு வயது மகன், படகுக்காரரான என் தாய்மாமன், அவரோடு கோல் ஊன்ற வந்த அவர் மச்சான், நான். வராதவர்கள் இருவர். துரையின் மூத்த மகன் அந்த வருஷம்தான் படிப்புக்காகக் கப்பலேறி அவர்கள் தேசத்துக்குப் போயிருந்தான். பிள்ளைகளை வளர்த்த ஆயா காய்ச்சலில் படுத்திருந்தாள். ஆயா எங்கள் குப்பத்துக்காரி. எதை வீட்டுக்குள் கொண்டுவரலாம், எதை வாசலில் விடவேண்டும் என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்கிறவள் அவள் ஒருத்திதான்.

நான் கிடங்கில் எழுத்தன். எங்கள் வீட்டில் எழுத்துப் படித்த முதல் ஆள். நைனாவும் அவருடைய நைனாவும் ஏரியில் வலை இழுத்தவர்கள். கோட்டைப் பள்ளியில் சிப்பாய்களின் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒல்லாந்து மொழி படித்ததால், துரை குடும்பம் எங்கே புறப்பட்டாலும் பேச்சுக்கு என்னைக் கூட்டிக்கொள்ளும். அவர்கள் ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளாத மனிதர்கள். பூநாரை பார்க்க ஏரியின் வடகோடிக்குப் போவார்கள். தேர் இழுப்பதைப் பார்க்கப் பொன்னேரிக்குப் போவார்கள். உப்பு வாருகிற இடத்தில்கூடப் பாய் விரித்து உட்கார்ந்து ரொட்டி தின்றுவிட்டு வருவார்கள். வேலை இல்லாமல் ஒரு மனிதன் ஏரியைக் கடப்பது மாமாவுக்குப் புரியாத விஷயம். வாடகை ஒழுங்காக வந்ததால் அவர் ஏன் என்று கேட்கவில்லை.

கார்த்திகை மாதத்தில் அவர்களுக்கு ஒரு பண்டிகை வரும். அவர்கள் ஊர்ப் புனிதர் ஒருவர் உயரமான தொப்பியும் நீண்ட அங்கியுமாக வெள்ளைக் குதிரையில் வீடு வீடாகப் போவாராம். முந்தின நாள் மாலை பிள்ளைகள் தங்கள் சப்பாத்துகளைக் கணப்படுப்பின் பக்கத்தில் வைத்து, குதிரைக்காகக் கொஞ்சம் புல்லையும் அதில் வைப்பார்கள். காலையில் புல் போய், சப்பாத்துக்குள் தின்பண்டம் இருக்கும். அது குளிருக்குப் பயந்து மேலங்கியைக் கழற்றாத தேசத்து வழக்கம். கோட்டைப் பாதிரியாருக்கு இந்தப் பண்டிகை பிடிக்காது. அதனால் வீட்டுக்குள்ளேயே நடத்திக்கொள்வார்கள். மூத்தவன் போனபிறகு வருகிற முதல் பண்டிகை என்பதால் துரைசானி அந்த வருஷம் விடக்கூடாது என்று இருந்தார். தின்பண்டம் வாங்கத்தான் பண்டிகைக்கு முந்தின நாள் ஆரம்பாக்கத்துச் சந்தைக்குப் புறப்பட்டோம்.

அவருக்கு வேண்டியது வாதுமை. அது சந்தையில் இல்லை. எள்ளுருண்டை விற்ற அம்மாளிடம் நான் கேட்டேன்.

"வாதுமயா? அத அரமனையில போய்க் கேளு. எங்கிட்ட எள்ளு கீது, வெல்லம் கீது. வாயில போட்டா ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லு உங்க அம்மாவுக்கு."

சொன்னேன். துரைசானி ஓர் உருண்டையை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தார். பிறகு மடி நிறைய வாங்கினார். கல்கண்டும், மண்ணில் செய்த இரண்டு ஊதுகுழலும் வாங்கினார். பிள்ளைகள் பார்க்காதபடி எல்லாவற்றையும் என் துணிமூட்டையில் வைக்கச் சொன்னார். துரை ஒரு மட்டக்குதிரைக்காரனைப் பார்த்து நின்றுவிட்டார். குதிரை வெள்ளையாக இருந்ததே காரணம். விலை கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் வந்துவிட்டார்.

திரும்பும்போது பாதி ஏரியில் வாடைக்காற்று முறுக்கிக்கொண்டு வந்தது. மழையும் சேர்ந்தது. மாமா பாயை இறக்கினார்.

"இன்னிக்குப் பழவேற்காடு கெடையாது. துரைகிட்ட சொல்லு," என்றார்.

"கோட்டையில் நாளைக் காலை துணி அளக்கவேண்டும்," என்றார் துரை.

"அளக்க ஆளு உசுரோட வேணும் இல்ல? அதையும் சொல்லு."

கரையோரம் ஒரு சின்னக் குப்பம் இருந்தது. அங்கே மாமாவுக்குத் தெரிந்த ஒரு வலைக்காரர் வீடு. அவரும் அவர் மனைவியும் ஒரே மகளும் இருந்தார்கள். நனைந்து வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் பார்த்ததும் அந்த அம்மாள் வேறெதுவும் கேட்காமல் வீட்டை ஒழித்துக்கொடுத்தார். தாங்கள் பக்கத்தில் கொழுந்தனார் வீட்டில் படுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

போகும்முன் மாமாவிடம் விஷயத்தைச் சொன்னார். மறுநாள் மகளுக்குப் பேச்சு முடிக்கச் சுண்ணாம்புக்குளத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். எங்கள் பக்கத்தில் வெற்றிலைபாக்கு மட்டும் மாற்றினால் போதாது. பெண் தன் வீட்டு அடுப்பில் தன் கையால் பொங்கி, அந்தச் சோற்றை மாப்பிள்ளையின் தாய் உண்ணவேண்டும். அதுதான் பேச்சு. இந்தப் பெண்ணுக்குப் போன வருஷம் ஒரு பேச்சு வந்து பானை ஏறாமலே நின்றுபோயிருந்தது. மாப்பிள்ளை வீட்டில் சாவு விழுந்துவிட்டது. யாரும் குற்றம் சொல்ல முடியாத காரணம்தான். ஆனால் இரண்டாவது முறையும் பானை நின்றால் மூன்றாவது முறை எவரும் அந்தக் கரைக்குப் படகு கட்டமாட்டார்கள்.

"விடியறதுக்குள்ள இவங்கள இட்டுகினு போயிட்றேன்," என்றார் மாமா.

அந்த வீட்டில் அறை ஒன்றே. மூலையில் அடுப்பு. மறுநாளுக்காக அம்மாள் அதைப் புதிதாக மண் பூசி, சாணத்தால் மெழுகி, செம்மண் கோடு இழுத்து, சுற்றிலும் மாக்கோலம் போட்டிருந்தார். மூன்று குமிழிலும் மஞ்சளும் குங்குமமும். பிள்ளைகள் உள்ளே போனதும் கண்டது அதைத்தான். அவர்கள் அறிந்தவரை, பண்டிகைக்கு முந்தின மாலையில் ஓர் அடுப்பு இப்படி அலங்காரமாக இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சிறுவன் தாயைப் பார்த்து, "இவர்களுக்கும் தெரிந்திருக்கிறது," என்றானாம். துரைசானியும் அப்படித்தான் நினைத்தார். தன் வீட்டுப் பண்டிகை தெரிந்து யாரோ செய்த மரியாதை என்று அவர் கண் கலங்கியதாகப் பிறகு என்னிடம் சொன்னார். பிள்ளைகள் ஈரச் சப்பாத்துகளைக் கழற்றி, கோலத்தின் நடுவே, அடுப்பின் வாயிலேயே வைத்தார்கள். கூரையிலிருந்து உருவிய கோரையைக் குதிரைக்காக அதில் செருகினார்கள். நான் மாமாவோடு படகில் சரக்குக்குக் காவலாக இருந்தேன். துரைசானி வந்து எள்ளுருண்டை மூட்டையை வாங்கிக்கொண்டு போனார்.

விடிகிறவரை மழை விடாததால் எங்களால் புறப்பட முடியவில்லை. மழை விட்டு வெளிச்சம் வந்தபோது அம்மாள் பானையோடு தன் வீட்டுக்குள் நுழைந்தார். பிறகு பானை உடைகிற சத்தம் கேட்டது. நாங்கள் ஓடிப்போனோம். பிள்ளைகள் எள்ளுருண்டையும் கையுமாக நின்றிருந்தார்கள். அம்மாள் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"செருப்பு," என்றார். "எம்பொண்ணு பொங்கற அடுப்புல செருப்பு. மாட்டுத் தோலு."

மாமா என்னைப் பார்த்தார். "ஏண்டா மாப்ள, அத்தன வருசம் பள்ளிக்கூடம் போனியே, இதச் சொல்லிக் குடுக்கலியா அவங்களுக்கு?"

நான் துரைசானிக்கு விளக்கினேன். அவருக்கு முகம் வெளுத்தது. அடுப்பைத் தானே கழுவித் தருவதாகச் சொன்னார். கழுவுகிற விஷயமில்லை என்றேன். துரை இடுப்புப் பையை அவிழ்த்தார். வலைக்காரர் கையை அசைத்து வேண்டாம் என்றார். அம்மாள் எழுந்து உள்ளே போய், உலக்கையால் தன் அடுப்பைத் தானே இடித்து வாசலில் கொண்டுவந்து போட்டார். புது அடுப்பு போடலாம். கார்த்திகை ஈரத்தில் அது எப்போது காயும் என்று யாராலும் சொல்லமுடியாது. அண்டை வீட்டு அடுப்பில் பொங்கினால் அது பேச்சாகாது.

அவர்களை அந்த நிலையில் விட்டுவிட்டுப் படகை அவிழ்க்க மாமா ஒப்பவில்லை. உச்சிப்பொழுதுக்கு மாப்பிள்ளை வீட்டுப் படகு வந்தது. மாப்பிள்ளையின் தாய்தான் முதலில் இறங்கினார். கனத்த உடம்பு, கூர்மையான பார்வை. மறைக்க வழியில்லை. இடிந்த அடுப்பு வாசலில் கிடந்தது, பக்கத்தில் இரண்டு ஜோடி சப்பாத்து. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த அம்மாள் துரைசானியை நேராகப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு வெச்சாங்களாம்? கேளு."

கேட்டேன். துரைசானி புனிதரைப் பற்றியும் குதிரையைப் பற்றியும் சொன்னார். நான் அப்படியே சொன்னேன்.

"குதிர மேல வர சாமியா? எங்க முனீஸ்வரனும் குதிர மேலதான் வராரு. அவருக்கும் செருப்பு வெக்கிறோம். ஆனா எல்லையில வெப்போம். வூட்டுக்குள்ள கூப்ட்டு, அடுப்புல ஏத்தி வெச்சா அவரு எங்க போயி உக்காருவாரு?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். பெண்ணின் தாய் சிரிக்கவில்லை. சுண்ணாம்புக்குளத்து அம்மாளும் சிரிக்கவில்லை.

"ஆரம்பாக்கத்துல எம்புள்ளைக்கு வேற ஒரு எடம் கேட்டுகினுதான் கீறாங்க," என்றார் மெல்ல. அதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. கணக்குப் பார்க்கிறவர் குரலில் சொன்னார். பெண் உள்ளே கதவோரம் நின்றிருந்தாள். அவள் அப்பா ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துரை மறுபடி பையை எடுத்தார். நஷ்டம் எவ்வளவோ அதைத் தருகிறோம், அவசரமாகப் போகவேண்டும் என்றார்.

"பானைக்குக் காசு வாங்கினா பொண்ணுக்குக் காசு வாங்கின மாதிரி. வெச்சிக்கச் சொல்லு," என்றார் சுண்ணாம்புக்குளத்து அம்மாள். பிறகு அவரே யோசித்துச் சொன்னார். "சாமிக்குன்னு வெச்ச செருப்பு சாமிக்கே போவட்டும். எல்லையில கொண்டு வெச்சிடுங்க. புது அடுப்பு போடுங்க. காயற வரைக்கும் நாங்க இங்கியே குந்தறோம். பானைய யாரு நிறுத்தினாங்களோ அவங்க எங்களுக்குச் சோறு போடட்டும். ஓடிப்போவக் கூடாது. பானை பொங்கறப்ப நிக்கணும். நின்னாதான் ஊரு வாய மூடும்."

துரை என்னிடம், தான் மட்டும் பழவேற்காட்டுக்குப் போய்விட்டு ஆளனுப்புவதாகச் சொன்னார். துரைசானி ஒல்லாந்து மொழியில் அவரிடம் ஒரே வாக்கியம் சொன்னார்: "நம் பிள்ளைகளின் சப்பாத்து." துரை உட்கார்ந்துவிட்டார்.

சிறுவன் சப்பாத்தைக் கொடுக்க மறுத்து அழுதான். குதிரைமேல் வரும் இன்னொருவருக்கு அது வேண்டுமாம் என்று அக்காள் சொன்னபிறகு அவனே கொண்டுபோய் எல்லையில் மண்குதிரையின் காலடியில் வைத்தான். புல்லையும் மறக்காமல் வைத்தான்.

அதன்பிறகு எல்லாரும் ஓர் ஈர அடுப்புக்காகக் காத்திருந்தோம். குப்பத்துப் பெண்கள் மண் குழைத்துப் போட்டார்கள். மழை வந்தால் ஓலை பிடித்தார்கள். வெயில் வந்தால் சுற்றி உட்கார்ந்து அதையே பார்த்தார்கள். துரையின் செலவில் ஆரம்பாக்கத்திலிருந்து அரிசியும் ஆடும் எண்ணெயும் வந்தன. சமையல் வாசலில், மூன்று கல் வைத்து. அந்தப் பெண் ஒருநாள் என்னிடம் வந்தாள்.

"அண்ணே, உங்க துரைசானிகிட்ட கேளேன். அந்தக் குதிர சாமி பெரிய பொண்ணுங்களுக்கும் எதுனா குடுப்பாரா?"

துரைசானி மீதமிருந்த கல்கண்டு முழுவதையும் கொடுத்தார். அவள் அதைத் தின்னாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். துரை காலையில் எழுந்ததும் போய் அடுப்பைத் தொட்டுப் பார்ப்பார். துணி பார்க்கிற அதே விரல்கள். "இன்னும் இல்லை," என்று தலையாட்டுவார். சுண்ணாம்புக்குளத்து அம்மாளும் அதே நேரத்துக்கு வந்து தொட்டுப்பார்ப்பார். இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் ஒருநாள் அவர் தொட்டுவிட்டு விரலைத் துரையிடம் காட்டினார். விரலில் மண் ஒட்டவில்லை.

அன்றே பானை ஏறியது. பெண் பொங்கினாள். அவசரத்தில் கொஞ்சம் அரிசி வெளியே சிந்தியது. நாங்கள் எல்லாரும் தள்ளி நின்றோம், பிள்ளைகள் வெறுங்காலோடு. பானை பொங்கி வழிந்ததும் மாப்பிள்ளையின் தாய் உட்கார்ந்து இலையில் வாங்கி ஒரு பிடி உண்டார்.

"உப்பு கம்மி," என்றார். "வூட்டுக்கு வந்தா கத்துக் குடுத்துக்கறேன்."

பெண்ணின் தாய் அப்போதுதான் அழுதார். வெற்றிலைபாக்கு மாற்றினார்கள். துரைசானி இலை போடச் சொல்லித் தானும் உட்கார்ந்தார், பிள்ளைகளையும் உட்காரவைத்தார். வாடை சாதகமாக இருந்ததால் மாமா அன்று மாலையே பாய் ஏற்றினார்.

துணி அளக்கும் நாளில் வராததற்குத் துரையின் சம்பளத்தில் பிடித்தம் செய்தார்கள். படகு காத்துக்கிடந்த வாடகையை மாமா எனக்காகக் குறைக்கவில்லை. அரிசி, ஆடு, எண்ணெய், பிள்ளைகளுக்குப் புதிதாகத் தைத்த சப்பாத்துகள், சம்பளப் பிடித்தம், படகு எல்லாம் சேர்த்து அந்த வருஷப் பண்டிகைக்கு அவர்களுக்கு ஆன செலவு பதினோரு வராகன், நான்கு பணம்.