சூடு மட்டும் இருந்த கிணறு

லொங்குய்ய் மெட்ரோ வாசலில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். ஓட்டைச் சப்பாத்துக்குள் பனி கரைகிறது. அருகில் நிற்கும் யாழ்ப்பாணத்தவர், பிரெஞ்சு பேசும் எரிமலைத் தீவொன்றில் நிலத்தடிச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கத் துளையிட்டவராம்.

“சூடு கிடைச்சதோ அண்ணை?”

“உன்ரை சப்பாத்தை ஒரு நொடியிலை காயவைக்கலாம்! ஆனா பாறையிலை வெடிப்பில்லை. தண்ணி ஓடாமல் நீராவி வராது. துளையை மூடிப்போட்டு வந்திட்டம்.”

அங்கே அவர் அறையெடுத்துத் தங்கிய வீட்டின் சொந்தக்காரி மீன் விற்பவள். டீசல் மின்சாரம் அடிக்கடி நின்று அவளுடைய மீன் அழுகுமாம். புது மின்சாரத்தை நம்பிப் பெரிய குளிர்பெட்டி வாங்கியிருந்தாள்.

“அவவுக்கு என்ன சொன்னியள்?”

“பிறகு வாறம் எண்டனான்.”

அவள் அனுப்பிய பிரெஞ்சுக் குரல்செய்தியைப் போட்டுக் காட்டுகிறார். சிரித்துப் பேசும் குரல். எனக்குப் புரியவில்லை.

“என்ன கேக்கிறா?”

“ஒண்டும் கேக்கேல்லை. என்ரை அறையை வேறை ஆருக்கும் குடுக்கேல்லையாம்.”