மெழுகுக் கைக்குக் கொடுத்த இரண்டு நிமிஷம்

மேசைமேல் ஒரு மெழுகுக் கை இருந்தது. இடது கை, மூடிய நிலையில். விரல்களுக்கு நடுவே சின்னப் பொட்டலங்களில் வெள்ளைப் பொடி. வெளியூரிலிருந்து வந்திருந்த விஞ்ஞானி அதை அலனைன் என்றார். பார்க்கச் சீனிப் பொடி மாதிரிதான் இருந்தது. கதிர்வீச்சு பட்டால் அதன் மூலக்கூறுகள் உடைந்து துண்டுகளாக நின்றுவிடுமாம், மாதக்கணக்கில் மறுபடி ஒட்டாதாம், கருவியில் வைத்து அளந்தால் எவ்வளவு கதிர் பட்டதென்று கிடைத்துவிடுமாம். கதிர் அளக்க நாங்கள் மார்பில் குத்தும் பிலிம் பேட்ஜ் விரலுக்கு நேர்ந்ததைச் சொல்லாது. இந்தப் பொடி சொல்லும். எனக்கு எல்லாம் காதில் விழுந்தது, உள்ளே எதுவும் இறங்கவில்லை.

கயிறு கட்டும் அண்ணனின் கையில் எவ்வளவு கதிர் பட்டிருக்கும் என்று பார்க்க, அந்தக் கைக்குப் பதிலாகச் செய்தது அது. எண்பதுகளில் நெய்வேலியில், பாய்லர் குழாய்களின் வெல்டிங்கை கதிர் வீசும் இரிடியத்தை வைத்து எக்ஸ்ரே மாதிரிப் படமெடுக்கும் கான்ட்ராக்ட் வேலையில் நான் இருந்தேன். யாரும் கிட்டே வராமல் சுற்றிலும் கயிறும் சிவப்புக் கொடியும் கட்டுவது அவர் வேலை. முத்தாண்டிக்குப்பத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் என்னைச் சார் என்பார். ஒருநாள் காலை ஷிப்டில் கருவியின் கேபிள் நுனியிலிருந்து இரிடியத் துண்டு கழன்று சாரத்தில் விழுந்துவிட்டது. படமெடுத்து முடித்ததும் கதிர் அளக்கும் மீட்டரைக் காட்டியிருந்தால் தெரிந்திருக்கும். மீட்டரில் பேட்டரி தீர்ந்து மூன்று நாளாகியிருந்தது. இன்னொரு நாள் ஓட்டிவிடலாம் என்று விட்டவன் நான்தான். கயிறு அவிழ்க்க மேலே போன அண்ணன், பளபளவென்று கிடந்ததை என் கருவியின் திருகாணி என்று நினைத்து எடுத்து இடது கையில் மூடிக்கொண்டார். இறங்கி வந்து டீ வாங்கி, உட்கார்ந்து குடித்து முடித்த பிறகுதான் என்னிடம் நீட்டினார். பத்து நிமிஷம் இருக்கும். எதிரே நின்று நானும் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

விசாரணையில் அவர் சொன்னார்: "ரெண்டே நிமிசங்க. ஏணியில எறங்கிகினே வந்து சாராண்ட குடுத்துட்டேன்." முந்தின நாள் என்னைத் தனியாகப் பிடித்திருந்தார். "டீ குடிச்சிகினு ஒக்காந்திருந்தேன்னு சொல்லிடாதீங்க சார். பர்மனென்ட் லிஸ்ட்ல பேரு போயிருக்குது." தலையாட்டினேன். பத்து நிமிஷம் என்றால், அத்தனை நேரமும் மீட்டர் என்ன செய்துகொண்டிருந்தது என்ற கேள்வி என்னிடம் வரும்.

மெழுகுக் கைக்குள் இரிடியத்தை அனுப்பித் திரும்ப இழுக்கும் பிடி என் கையில் இருந்தது. இரண்டு நிமிஷமானதும் விஞ்ஞானி கடிகாரத்தைப் பார்த்துப் போதும் என்றார். இழுத்துவிட்டேன்.

பொடி பொய் சொல்லவில்லை. இரண்டு நிமிஷத்துக்கு உண்டானதைச் சரியாகச் சொன்னது. அந்த எண்ணைப் பார்த்த டாக்டர் களிம்பு எழுதிக்கொடுத்து அண்ணனை வேலைக்கு அனுப்பினார். அதை ஐந்தால் பெருக்குங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விரல்கள் கொப்புளித்தபோதும் சொல்லவில்லை, கறுத்தபோதும் சொல்லவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்குள் நாளாகிவிட்டது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிட்டேன், தூங்கினேன். மரத்துப்போயிருந்தேன், வேறு சொல்லத் தெரியவில்லை.

போன மாதம் வடலூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். பர்மனென்ட் ஆகி, குவார்ட்டர்ஸில் இருந்து பிள்ளைகளைப் படிக்கவைத்து, ஓய்வும் பெற்றுவிட்டார். மூன்று விரல்களால் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க அன்னிக்கி வாயத் தொறக்காததாலதான் சார் எனக்கு வேல நெலச்சிது. வூட்ல இன்னும் ஒங்களப் பத்தி சொல்லிகினுதான் இருக்கோம்."

"பரவாயில்லைண்ணே" என்றேன், செய்த உதவியைப் பெரிதுபடுத்தாதவன் மாதிரி.