கெண்டைக்காலில் மூன்று கோடுகள்

2008இல் எனக்குப் பதின்மூன்று வயது. முப்பது கிலோவைத் தாண்டாத உடம்பு. கடலூரில் எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு வந்திருந்த சிதம்பரத்து டான்ஸ் மாஸ்டர், ஆடிய இருபது பேரில் என்னை மட்டும் கூப்பிட்டு, இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "இந்தப் பாப்பாவத் தூக்கிப் போடலாங்க" என்றார். ஏதோ பாராட்டு என்று நினைத்து அம்மா சிரித்தாள்.

ஒரு தமிழ் சேனல் பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்காக நடனப் போட்டி நடத்தியது. மலேசியா, சிங்கப்பூர், இலங்கையிலிருந்தெல்லாம் குழுக்கள் வந்தன. எங்கள் குழுவில் ஆறு பெண்கள். அதில் ஒருத்தி மாஸ்டரின் சொந்த மகள், என் வயதுதான். எங்கள் ஆட்டமே தூக்கிப் போடுவதுதான். நான்கு பேர் என்னை மேலே எறிவார்கள். நான் காற்றில் ஒரு சுற்று சுற்றி விழ வேண்டும். கீழே மாஸ்டரின் மகள் பிடிக்க வேண்டும்.

சனி, ஞாயிறுகளில் கடலூரிலிருந்து பஸ் பிடித்துப் போவேன். சிதம்பரம் ரயிலடிப் பக்கம், மூடிக் கிடந்த ஓர் அரிசி மண்டியின் மாடிதான் எங்கள் ஹால். சிமெண்ட் தரை. மெத்தை கிடையாது. முதல் மாதத்தில் என் தாடை இரண்டு முறை கிழிந்தது. மாஸ்டர் கையில் எலக்ட்ரீஷியன்கள் சுவரில் பதிக்கும் வெள்ளைக் குழாய் ஒன்று எப்போதும் இருக்கும். எட்டு எண்ணும்போது நான் மேலே கிளம்ப வேண்டும். ஏழில் கிளம்பினால் ஓர் அடி. ஒன்பதில் என்றால் இரண்டு. எங்களைச் சுவரைப் பார்த்து மண்டியிட வைத்து உள்ளங்காலில் அடிப்பார். அங்கே அடித்தால் கேமராவில் தெரியாது என்று அவரே சொல்வார். மகளுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. என்னைப் பிடிக்காமல் விட்டால் கன்னத்திலேயே விழும். அவள் அழமாட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கையை விரித்து மறுபடி நிற்பாள்.

முதல் சுற்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒளிபரப்பானது. சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த எங்கள் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் அதுதான் ஓடியது. ஜிகினா வைத்த அரைக்கால் சட்டையும் கையில்லாத பனியனும் போட்டு நான் பறந்தேன். நாங்கள் ஜெயித்தோம். மாலையில் அப்பா கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தபோது யாரோ அவரிடம் என் சட்டையைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறார்கள். என்ன சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்பா படகு கட்டும் நைலான் கயிற்றோடு வீட்டுக்குள் வந்தார்.

"எந்தக் காலக் காட்டி ஆடுன? அந்தக் காலக் காட்டுடி."

அம்மா ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தினாள். அக்கம்பக்கத்தில் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. நான் கட்டில் காலைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். இடது கெண்டைக்காலில் மூன்று அடி. ஈரக் கயிறு தோலைப் பிய்த்துக்கொண்டு எழுந்தது. அடித்தாரே தவிர, இனிப் போகாதே என்று அப்பா சொல்லவில்லை. நாலு பேர் அவரிடம் கைகொடுத்து வாழ்த்தியும் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை, சென்னைக்குப் போக வந்த வேனில் அவரேதான் என்னை ஏற்றிவிட்டார்.

இரண்டாவது சுற்றுப் படப்பிடிப்பு. உடை மாற்றும் அறையில் மாஸ்டரின் மகள் என் காலைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாடி இது? எங்கப்பாவா?"

"இல்ல. எங்கப்பா. கயித்தால."

மேக்கப் களிம்பைக் கையில் குழைத்து, மூன்று கோடுகளும் மறையும்வரை பொறுமையாகப் பூசிவிட்டாள். பூசி முடித்ததும் மாஸ்டர் கதவைத் தட்டினார். லேட் என்று அவளை அங்கேயே ஓர் அறை விட்டார்.

அன்று நான் சரியாக எட்டில் கிளம்பினேன். அவள் சரியாகப் பிடித்தாள். ஆட்டம் முடிந்து மூச்சு வாங்க வரிசையில் நின்றோம். விளக்குச் சூட்டில் வேர்த்து, களிம்பு கரைந்து வழிந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. நடுவராக உட்கார்ந்திருந்த நடிகை எழுந்து வந்தார்.

"காலுல என்னம்மா அது? யாரு அடிச்சா?"

மைக் என் வாயருகே இருந்தது. அப்பா என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கள் தெரு, கரை, சாத்திய கதவு எல்லாம் கண்ணுக்கு முன் வந்தன. மேடையோரம் மாஸ்டர் நின்றிருந்தார்.

"மாஸ்டர்" என்றேன்.

நடிகை என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். மாஸ்டரை மேடைக்கு அழைத்தார்கள். நான் உள்ளங்காலில்தான் அடிப்பேன், இது என் அடி இல்லை என்று அந்த மேடையில் அவரால் சொல்ல முடியுமா? கடைசியில், "எம் பொண்ணு மாதிரி நெனச்சுதாங்க அடிச்சேன்" என்றார். அது உண்மைதான். அவர் மகள் என் பக்கத்தில் நின்றாள். அவள் விரல்கள் என் விரல்களிலிருந்து மெல்லக் கழன்றன.

வேனில் திரும்பினோம். கடலூரில் என்னை இறக்கிவிட்டபோது மாஸ்டர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "நல்லா இரு" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு காய்ச்சல் என்று சொல்லி நான் பயிற்சிக்குப் போகவில்லை. வீட்டிலும் எதையும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு மதியம், சோக இசையோடு அதை ஒளிபரப்பினார்கள். என் காலைத் திரை முழுக்கக் காட்டினார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் கயிற்றின் அளவு அவருக்குத் தெரியாதா? சுற்றி உட்கார்ந்து பார்த்த அக்கம்பக்கத்தார் எழுந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு மாமா, "மச்சான், நம்ம புள்ள மேல எவனோ கைய வச்சிருக்கான். இன்னும் இன்னா பாத்துக்கினு இருக்க?" என்று கத்தினார். அப்பா எழுந்து சட்டையை மாட்டினார். "நீயும் வா" என்று என்னைத் தூக்கி, மீன் ஏற்றும் மினி லாரியில் போட்டார். எட்டுப் பேர். வழி முழுக்க ஐஸ் தண்ணீர் என் பாவாடையை நனைத்தது.

நான்கு மணிக்கு மண்டி மாடியில் ஏறினோம். மாஸ்டரும் மகளும் மட்டும் இருந்தார்கள். அவர் இரண்டு கையையும் கூப்பி, "உக்காருங்க, பேசிக்கலாம்" என்றார். மாமாவின் முதல் அடியில் கண்ணாடி தெறித்தது. பிறகு எல்லோரும் விழுந்து மிதித்தார்கள். அவர் சுவர் மூலைக்குள் சுருண்டுகொண்டார். தலையிலிருந்து ரத்தம் காதுக்குள் இறங்கியது. எனக்கு அழுகை வரவில்லை. மாதக்கணக்காக மண்டியிட்ட அந்தச் சுவரோரம் அவர் கிடந்தது எனக்குப் பிடித்திருந்தது. இதை மறைக்க விரும்பவில்லை.

அவர் மகள் கூட்டத்துக்குள் புகுந்து அவர்மேல் விழுந்தாள்.

"அது எங்கப்பா அடிச்சதில்ல! அவுங்கப்பா கயித்தால அடிச்சது! அவளே எங்கிட்ட சொன்னா! கேளுங்க அவள!"

கால்கள் நின்றன. மாமா அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை. கெஞ்சல் இருந்தது. அப்படி ஒரு முகத்தை அவரிடம் நான் பார்த்ததே இல்லை.

"சொல்லு பாப்பா, யாரு அடிச்சது?" என்று மாமா கேட்டார்.

"மாஸ்டர்தான்."

மண்டியிலிருந்து மிஞ்சிய ஐந்து கிலோ எடைக்கல் ஒன்று கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது. அப்பா அதை எடுத்தார். இரண்டு பேர் மாஸ்டரின் வலது கையைத் தரையில் விரித்துப் பிடித்தார்கள். கல் இறங்கிய சத்தத்தை நான் எழுதப்போவதில்லை.

அடுத்த கணம் என் முகத்தில் ஏதோ வெடித்தது. அவர் மகள் அந்த வெள்ளைக் குழாயோடு என் முன்னால் நின்றாள். வாயில், தோளில், தலையில் மாறி மாறி அடித்தாள். முன்பல் பாதி உடைந்து நாக்கில் கிடந்தது. நான் கையைக்கூடத் தூக்கவில்லை. அப்பா தடுக்கவில்லை. அவள் ஓயும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

பக்கத்துக் கடைக்காரர்கள் போலீசைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் மாஸ்டரைப் பார்த்து, "நானும் டிவியில பாத்தேன்யா. பொட்டப் புள்ளயப் போயா அப்படி அடிப்ப?" என்றார். இரண்டு தரப்பிலும் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். கட்டுப்போட்ட கையோடு மாஸ்டர் இடது கையால் கையெழுத்துப் போட்டார். எங்கள் இடத்துக்கு மலேசியக் குழு ஒன்று வந்தது. அடுத்த வாரம் தொகுப்பாளினி எங்களைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

தெருவில் அப்பா பெரிய ஆளாகிவிட்டார். ஒரு நாள் மீன் அரிந்துகொண்டிருந்த அம்மா தலை நிமிராமலே, "அது யாரு போட்ட கோடுன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள்.

"அப்ப ஏம்மா சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

அப்பா அதன் பிறகு என்னை அடிக்கவில்லை என்று எழுத ஆசைதான். இரண்டே மாதத்தில் கணக்கில் ஃபெயிலானதற்காக மறுபடி கயிற்றை எடுத்தார். முதல் அடி விழுந்ததும் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கை எரிந்தும் விடவில்லை. "எட்டுப் பேரயும் கூப்பிடட்டா? இப்ப வந்து கேக்கச் சொல்லட்டா?" என்று கத்தினேன். இந்த முறை கதவு திறந்திருந்தது. அம்மா சாத்தவில்லை. அவர் கயிற்றைப் போட்டுவிட்டு வெளியே போனார்.

2012இல் சிதம்பரத்தில் கல்லூரியில் சேர்ந்தேன். முதல் வாரமே பஸ் ஸ்டாண்டில் மாஸ்டரின் மகளைப் பார்த்தேன். புடவையில் பெரியவளாகத் தெரிந்தாள். ஒரு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு டான்ஸ் சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னாள். அவள் அப்பா இப்போது ஒலிபெருக்கிக் கடையில் உட்கார்ந்திருக்கிறாராம். இரண்டு விரல் மடங்குவதில்லையாம்.

"அன்னைக்கு நா பொய் சொன்னேன்" என்றேன். நான்கு வருடம் தொண்டையில் வைத்திருந்தது.

"தெரியும். நாந்தான மேக்கப் போட்டேன்."

"ஒங்கப்பாவ நா வந்து பாக்கட்டா?"

"வேணாம். அவுரு ஒன்ன மறந்துட்டாரு. இல்லாட்டி மறந்த மாரி இருக்காரு."

பிறகு அவள் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "நேத்து ஒரு பாப்பாவ அறஞ்சிட்டேன்டி. ஸ்டெப்ப மாத்திப் போட்டா. கை தானா போச்சு. யூகேஜி படிக்குது" என்றாள்.

"அழுதாளா?"

"இல்ல. மூக்க உறிஞ்சிக்கினு கையத் தூக்கி நின்னா."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இந்த முறை அவள் விடுவித்துக்கொள்ளவில்லை. அந்தக் குழந்தையின் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடு, குழந்தையே சொல்வதற்கு முன் நீ சொல்லிவிடு என்றேன். நானும் வருவதாகச் சொன்னேன். அன்று மாலையே இருவரும் போனோம். குழந்தையின் அம்மா நாங்கள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, மாஸ்டர் மகளின் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விட்டு, கதவைச் சாத்திக்கொண்டாள். இவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்து, நான் முதல்முறையாகப் பார்க்க, வாய்விட்டு அழுதாள்.