பல் பட்ட ஈயம்

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். பக்கத்து வீட்டுக்காரி சும்மா ஒரு கை மீன் கொடுத்தாலும் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சட்டியில் போடுவேன். என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிக் காட்டிச் சிரிப்பார். சின்ன வயதில் கட்டுமரத்து நுனியில் முகம் மோதி என் மேல்பல் ஒன்று பாதி உடைந்துபோயிருந்தது. அதற்கும் சேர்த்துச் சிரிப்பார். 'ஓட்டப் பல்லு' என்பதுதான் அவர் எனக்கு வைத்த பெயர்.

நான் வாழ்க்கைப்பட்ட குப்பம் மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் தெற்கே. பிறந்த குப்பம் வடக்கே. இரண்டுக்கும் நடுவில் ஐந்து குப்பங்கள். ஏழுக்கும் சேர்த்து ஒரு கூட்டுப் பஞ்சாயத்து இருந்தது. எந்த வலை போடலாம், எது கூடாது, எந்த நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். ஒரு கட்டுமரம் கரை திரும்பவில்லை என்றால் ஏழு குப்பமும் தொழிலை நிறுத்திவிட்டுத் தேடப் போகும். கூட்டை விட்டு ஒரு குப்பம் விலகினால் அதோடு கொள்வினை கொடுப்பினை கிடையாது. கல்யாணத்துக்கும் போகக் கூடாது, சாவுக்கும் போகக் கூடாது. யாரோ எப்போதோ போட்ட கட்டு. அதுவரை எந்தக் குப்பமும் விலகியதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், நான் கல்யாணமாகி வந்த மூன்றாம் வருஷம், எங்கள் குப்பத்தில் விலகல் பேச்சு கிளம்பியது. என் அம்மா வடக்கே தனியாக இருந்தாள். இளைப்புக்காரி. மாதம் ஒருமுறை நான் போய்த்தான் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவேன். குப்பம் விலகினால் நான் அவள் வாசலை மிதிக்க முடியாது. மற்றவர்களுக்கு அது வலை விவகாரம். எனக்கு அது அம்மா.

பேச்சு கிளம்பக் காரணம் இருந்தது. முந்தின வருஷம் என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து சின்னக் கண் வலை ஒன்று வாங்கினார்கள். குஞ்சு மீனையும் விடாமல் வாரி வரும் வலை என்று கூட்டு அதைப் பிடுங்கி, மணலில் போட்டுக் கொளுத்தியது. தீ வைத்தவர்கள் நான் பிறந்த குப்பத்து ஆட்கள். அன்று அவர் சோறு தின்னவில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஆறு குப்பத்துக்காரன் பேச்ச நாம இன்னாத்துக்குக் கேக்கணும்? நம்ம கடலு, நம்ம வலை" என்று ஒரு கட்சி.

"நாளைக்கு மரம் காணாம பூட்ச்சின்னா எவன் வந்து தேடுவான், உங்க நைனாவா?" என்று எதிர்க்கட்சி.

சிங்கி இறால் வாங்க மெட்ராஸிலிருந்து வேனில் வரும் வியாபாரி ஒருவர், அதுவரை வாரத்துக்கு இரண்டு நாள் வந்தவர், தினமும் வர ஆரம்பித்தார். வலை பின்னும் கொட்டகையில் உட்கார்ந்து எல்லோருக்கும் டீ சொல்வார். எங்கள் குப்பம் எந்தக் கூட்டில் இருந்தால் அவருக்கு என்ன? சின்னக் கண் வலை இறங்கினால் அவருக்குச் சரக்கு கூடும் என்பது எனக்கு ஒரே நாளில் விளங்கிவிட்டது. அந்த டீயை என் வீட்டுக்காரரும் குடித்தார். எத்தனை நாள் குடித்தார் என்பதை நான் மனதில் வைத்துக்கொண்டே வந்தேன்.

என்னையும் யாரும் விட்டுவைக்கவில்லை. அடிபம்பில் நான் குடத்தை வைத்தால் பேச்சு நின்றுவிடும். ஒருத்தி நேராகவே கேட்டாள்: "வடக்கால போயி இன்னா சொல்லிட்டு வந்த?" அம்மாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன் என்றேன். "மாத்திரை வாங்க ரெண்டு நாளா?" என்றாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

என் வீட்டுக்காரரின் அண்ணன், என் மூத்தார், மாமல்லபுரத்துக் கரையில் வெள்ளைக்காரர்களைக் கட்டுமரத்தில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவார். கொஞ்சம் இங்கிலீஷ் வரும். எங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்தவரே அவர்தான். ஒருநாள் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு கணவன் மனைவியைக் குப்பத்துக்குக் கூட்டிவந்தார். கொட்டகையில் இவ்வளவு சத்தமாக என்ன பேசுகிறார்கள் என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். இவரும் விளக்கியிருக்கிறார்.

"இவுங்க ஊர்லயும் இதே பேஜாருதானாம்" என்று மூத்தார் கொட்டகைக்கு வந்து சொன்னார். "ஐரோப்பாவுல நெறைய நாடு சேந்து ஒரு கூட்டு வெச்சிகினு கீறாங்க. அத்த வுட்டு வெளிய வந்துடலாமான்னு ஜனங்க பேசிகினு கீதாம். இவ்ளோதான் மீன் புடிக்கணும்னு அந்தக் கூட்டு சொல்லுதாம். அங்க கீற மீன்காரனுக்கும் அதான் கோவமாம்."

"அங்கயும் வலையக் கொளுத்துறானுங்களா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

நான் வெளியே நின்றபடி, "வெளிய வந்துட்டா பொண்ணுங்கள அம்மா வூட்டுக்குப் போக வுடுவாங்களான்னு கேளுங்க மாமா" என்றேன்.

அவர் கேட்டார். அந்த அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னாள். "அத்தப் பத்தி யாரும் இன்னும் பேசலையாம்" என்றார் மூத்தார்.

அவர்கள் போன பிறகு கொட்டகையில் ஒரு மணி நேரம் அந்த வெள்ளைக்காரனை யார் அனுப்பியிருப்பார்கள் என்று பேசினார்கள். வியாபாரி அனுப்பினார் என்றது ஒரு கட்சி, வடக்குக் குப்பம் அனுப்பியது என்றது இன்னொன்று. இங்கிலாந்திலிருந்து வந்த மனிதன் கடற்கோயில் பார்க்கத்தான் வந்தான் என்பதை எங்களில் ஒருவர்கூட நம்பவில்லை.

கை தூக்கி முடிவெடுத்தால் மண்டை உடையும் என்று எங்கள் நாட்டாருக்குத் தெரிந்தது. ஊர்ப் பெரியவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவர் ஒரு வழி சொன்னார். அம்மன் கோயிலுக்குள் ஒரு மண்பானை வைப்பது. வீட்டுக்கு ஓர் ஆண், வலையில் கட்டும் மிதப்பு ஒன்றும் ஈயக்குண்டு ஒன்றும் வீட்டிலிருந்தே கொண்டுவர வேண்டும். விலகலாம் என்பவர் மிதப்பைப் போடலாம். கூட்டிலேயே இருக்கலாம் என்பவர் ஈயத்தைப் போடலாம். கையில் மிஞ்சியதைக் கடலில் எறிந்துவிட வேண்டும். எதைப் போட்டோம் என்று வெளியே சொல்வதில்லை என அம்மன் மேல் சத்தியம். நாட்டாருக்கு என்ன மூளை என்று ஊரே மெச்சியது.

பெண்களுக்கு ஓட்டு இல்லை. ஆகவே அன்று காலையில் மிதப்பையும் ஈயத்தையும் எடுத்துக் கொடுப்பது மட்டும் என் வேலை. கொடுப்பதற்கு முன்னால் அடுப்படியில் திரும்பி நின்று ஈயக்குண்டை அழுத்திக் கடித்தேன். ஈயம் மெத்தென்றுதான் இருக்கும். என் பல்வரிசை, நடுவில் அந்த உடைந்த பல்லின் இடைவெளியோடு, அப்படியே பதிந்தது. எண்ணும்போது அது குவியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் போதும், யார் சத்தியமும் எனக்குத் தேவையில்லை. அவர் இரண்டையும் வாங்கி லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டு, "வரேம்மே" என்று போனார்.

வெயில் ஏறியதும் பானையைக் கொண்டுவந்து மணலில் விரித்த வலைமேல் கவிழ்த்தார்கள். பெண்கள் தள்ளி நின்றோம். முதலில் ஒரு சளசளப்பு. பிறகு ஆண்கள் பக்கம் பேச்சே இல்லை.

அந்தக் காலத்தில் எங்கள் மிதப்பெல்லாம் பழைய ரப்பர் செருப்பை வெட்டிச் செய்ததுதான். அறுந்த வலை எங்காவது கரை ஒதுங்கினால் யாருடையது என்று தெரிய வேண்டுமே. அதற்காக ஒவ்வொரு வீடும் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் தன் மிதப்பில் ஒரு குறி சுட்டு வைக்கும். ஒரு வீட்டுக்கு மூன்று புள்ளி, ஒரு வீட்டுக்குப் பிறை, ஒரு வீட்டுக்கு மீன்முள். குழந்தைக்குக்கூட அத்தனை குறியும் தெரியும். இருந்தும், ரகசிய ஓட்டுக்கு மிதப்பைக் கொண்டுவரச் சொன்ன நாட்டாருக்கும் தோன்றவில்லை, வீட்டிலிருந்து எடுத்துக் கொடுத்த எங்களுக்கும் தோன்றவில்லை. இப்போது விலகலாம் என்றவர்கள் ஒவ்வொருவரும் பெயர் எழுதி ஒட்டினதுபோல வெயிலில் கிடந்தார்கள். எதிரும் புதிருமாகச் சட்டைகள் பிடிபட்டன. நாட்டார் அவசரமாக எண்ணினார். ஈயம் மூன்று கூடுதல். குப்பம் கூட்டிலேயே இருக்கும்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அம்மா வீட்டு வழி அடைபடவில்லை. அந்த சந்தோஷத்தோடு கூட்டத்தை இடித்துக்கொண்டு கிட்டே போனபோதுதான் பார்த்தேன். மிதப்புக் குவியலில் இரண்டு கோடு, ஒரு புள்ளி. எங்கள் வீட்டுக் குறி.

அது எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதில்லை. மாமனார் வைத்த குறி. அண்ணன் தம்பி அடுப்பு பிரித்துக்கொண்டாலும் வலையைப் பிரித்துக்கொள்ளவில்லை, ஆகவே இரண்டு வீட்டுக்கும் அதே குறிதான். குவியலில் கிடந்தது ஒன்றே ஒன்று. அப்படியானால் இருவரில் ஒருவர் மிதப்பு, ஒருவர் ஈயம். நான் ஈயக் குவியலைக் கிளற எட்டுவதற்குள் நாட்டார் அதை மஞ்சள் துணியில் கொட்டி முடிந்து, "இது அம்மன் கிட்ட இருக்கட்டும்" என்று கோயில் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். மிதப்புகளை அங்கேயே போட்டுக் கொளுத்தச் சொன்னார். சத்தியத்தைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த வழி அது. ரப்பர் புகை சாயங்காலம்வரை அடங்கவில்லை.

எனக்கு யோசிக்க ஒன்றுமே இருக்கவில்லை. மூத்தார் எங்களைச் சேர்த்து வைத்தவர், என் அம்மாவை 'அக்கா' என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவர். டீ குடித்தவர் என் வீட்டுக்காரர். அன்று கேட்டேன்.

"இன்னாய்யா போட்ட?"

"போட்டத போட்டாச்சி. வுடும்மே."

அந்த ஒரு பதிலில் எனக்கு எல்லாம் நிச்சயமாகிவிட்டது.

அதன் பிறகு ஒன்பது வருஷம் அவர் செய்த நல்லதெல்லாம் எனக்குக் குற்றத்துக்குச் செய்யும் பரிகாரமாகவே தெரிந்தது. மாதா மாதம் என்னை சைக்கிளில் வைத்து மிதித்து வடக்கே கொண்டுபோய் விட்டார். குறுகுறுப்பு, மிதிக்கட்டும் என்று நினைத்தேன். அம்மாவுக்கு இளைப்பு கூடியபோது மழையில் அவளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றினார். அப்போதும் மனசு அதையேதான் சொன்னது. அம்மா செத்தபோது பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்து அழுதார். நான் அழுதுகொண்டே, நடிக்கிறான் பார் என்று நினைத்தேன். இதை எழுத எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அம்மா போன மறு வருஷம், இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது, கோயிலைப் புதிதாகக் கட்ட இடித்தார்கள். சாமான்களைத் துலக்கும் வேலை பெண்களுக்கு. பெட்டியில் மணிக்கும் விளக்குக்கும் அடியில் மஞ்சள் துணி முடிச்சு இருந்தது. மற்றவர்கள் விளக்கில் புளி தேய்த்துக்கொண்டிருக்க, நான் முடிச்சை மடியில் வைத்து அவிழ்த்தேன். அதிகம் தேடவில்லை. நாலாவதோ ஐந்தாவதோ குண்டில் என் பல்வரிசை இருந்தது, நடுவில் ஓட்டையோடு.

எடுத்துக்கொண்டு நேராகக் கரைக்குப் போனேன். அவர் படகு நிழலில் உட்கார்ந்து வலை கட்டிக்கொண்டிருந்தார். உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கடிச்சது அன்னிக்கே தெரியும். கையில வாங்கும்போதே வெரல்ல பட்டுச்சி."

"அப்போ ஏன்யா சொல்லல? சத்தியம்னா?"

"சத்தியமும்தான்" என்றார். வலையிலிருந்து கையை எடுக்கவில்லை. "நான் ஈயம் போட்டேன்னு சொன்னா, மெதப்பு யாருதுன்னு ஒனக்குத் தெரிஞ்சிடும். அப்பால நீ அண்ணன் வூட்டுப் படி ஏறுவியா? இல்ல என்ன ஏற வுடுவியா? பேசாம என்னியே சந்தேகப்பட்டுகினு போவட்டும்னு வுட்டுட்டேன்."

அவர் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். "அண்ணனாண்ட ஒன்னியும் காட்டிக்காத" என்று மட்டும் சொன்னார். சாயங்காலம் குண்டை மற்றதோடு சேர்த்து முடிந்து பெட்டியில் வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் மூத்தார் மனைவி வாசலில் நின்று கூப்பிட்டாள். வஞ்சிர மீன் குழம்பு, வந்து தின்னுட்டுப் போ என்றாள். ஒன்பது வருஷமாக நான் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் கை நனைத்த ஒரே வீடு அது. உள்ளே மூத்தார் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "வாம்மா" என்று நகர்ந்து இடம் விட்டார். போய் உட்கார்ந்தேன். அவர் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டு முடித்தேன்.